மாணவர் கவிதையும் மூத்த கவிஞர் கவிதையும் ஒரே தொகுப்புல: யாராச்சும் செஞ்சு பாத்திருக்கீங்களா?

கரும்பலகை:

வணக்கம் மக்களே. நான் யுனிவர்சிட்டில இலக்கியம் எடுக்கறேன். இந்த செமஸ்டர் கவிதை எழுதற பேப்பர் என் தலையில விழுந்திருக்கு, விழுந்திருக்குன்னு சொல்றேன், உண்மையில கேட்டு வாங்கினதுதான். 14 பசங்க. கடைசில ஒரு தொகுப்பு வரணும், அதுல பசங்க கவிதையோட ஏற்கனவே பேர் வாங்கின கவிஞர்கள் அஞ்சு பேரோட கவிதையும் இருக்கும்.

போன வருஷமும் இதையே செஞ்சேன், சொதப்பிருச்சு. மூத்தவங்க ஒரு நாள் வந்தாங்க, அவங்க கவிதைய அவங்களே வாசிச்சாங்க, பசங்க கைதட்டினாங்க, செல்ஃபி எடுத்தாங்க, அவ்வளவுதான் பட்டறை. அப்புறம் மெயில்ல கவிதை வந்துச்சு, முன்னாடி 40 பக்கம் அவங்களுக்கு, பின்னாடி "இளந்தளிர்கள்"னு ஒரு தலைப்பு போட்டு பசங்களுக்கு. அந்தத் தலைப்பு வச்சது நான்தான், இப்ப நினைச்சாலும் கூசுது. புத்தகம் கைக்கு வந்ததும் ஒரு பையன் தன் பக்கத்தைத் தேடிப் பாத்துட்டு மூடி வச்சுட்டான். என்னப்பான்னா, "குரூப் ஃபோட்டோல கடைசி வரிசைல பெஞ்ச் மேல நிக்க வச்ச மாதிரி இருக்கு சார், தலை மட்டும் தெரியுது"ங்கறான்.

இந்த வாட்டி அது வேணாம். மூத்தவங்கள என்ன செய்யச் சொல்லணும், புத்தகத்துல வரிசை எப்படி வைக்கணும், இதுக்கெல்லாம் மார்க் எப்படிப் போடறது, எதுவுமே தெளிவா இல்ல. செஞ்சவங்க சொல்லுங்க.

ஒற்றெழுத்து:

கோச்சுக்காதீங்க சார், அடிப்படையிலயே தப்பு இருக்குன்னு தோணுது. கவிதைய யாரும் யாருக்கும் சொல்லிக்குடுக்க முடியாது. வாசிக்கச் சொல்லிக்குடுங்க, போதும். எழுதறவன் எப்படியும் எழுதுவான். பெரிய பேர் பக்கத்துல சின்னப் பேரை அச்சடிச்சா சின்னப் பேர் வளர்ந்துடுமா? ஓசி வெளிச்சம், விளக்கை அணைச்சா போயிடும். இருபது வயசுல புத்தகத்துல பேர் வந்துட்டா அடுத்த பத்து வருஷம் அதே கவிதையத்தான் திரும்பத் திரும்ப எழுதுவாங்க, நான் நிறைய பேர பாத்துட்டேன்.

ஈற்றடி:

தம்பி ஒற்றெழுத்து, சொல்லிக்குடுக்க முடியாதுன்னா இந்த மொழில யாப்பிலக்கணம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? பாட்டு வராதவனுக்குப் பாட்டு வர வைக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா வர்றவனுக்கு ஓசை எங்க உடையுது, எந்தச் சொல் வெறும் அடைப்புக்கு நிக்குதுன்னு காட்ட முடியும். தொல்காப்பியமே அதங்கோட்டாசான்ங்கற புலவர் முன்னாடி அரங்கேறுச்சுன்னு அதோட பாயிரம், அதாவது முன்னுரை, சொல்லுது. அரங்கேற்றம்னா மாலை மரியாதை மட்டும் இல்லப்பா, கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லணும்.

கரும்பலகை ஐயாவுக்கு ஒரு யோசனை. நாங்க ஈற்றடி குடுத்து வெண்பா எழுதிப் பழகினவங்க. கடைசி அடி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு, மூணு சீர், நாள் மலர் காசு பிறப்புங்கற நாலு வாய்பாட்டுல ஏதாவது ஒண்ணுல முடியணும், மேல மூணு அடி அவனவன் பாடு. இதுல முக்கியமான விஷயம் என்னன்னா எங்க வாத்தியாரும் உக்காந்து எழுதுவார். ஒரு நாள் அவருக்குத் தளை தட்டிடுச்சு, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோட சேர வேண்டிய விதத்துல சேரல, கடைசி பெஞ்ச்ல ஒருத்தன் எழுந்து சொல்லிட்டான். அந்த ஒரு மணி நேரத்துல கத்துக்கிட்டத வருஷம் பூரா கத்துக்கல. உங்க அஞ்சு பேரையும் அப்படி உக்கார வைங்க. வெண்பாதான்னு இல்ல, ஒரே கட்டுப்பாடு எல்லாருக்கும், அவ்வளவுதான்.

மூணாவது பெஞ்ச்:

நான் மாணவர் பக்கத்துல இருந்தவ. காலேஜ் படிக்கறப்ப இதே மாதிரி ஒரு தொகுப்புல என் கவிதை வந்துச்சு, எதிர்ப் பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கவிஞர். எந்த காலேஜ் யாரு என்னன்னு கேக்காதீங்க.

பட்டறைல ஒரு ரூல் வச்சிருந்தாங்க, கவிதைய எழுதினவங்க வாயைத் திறக்கக்கூடாது, மத்தவங்க பேசி முடிக்கற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணும். இருபது நிமிஷம் என் கவிதைய பத்தி பேசினாங்க, "நீர்"னு நான் எழுதினத அவங்க அழுகைன்னு எடுத்துக்கிட்டு அதுலயே ஓடினாங்க, நான் எழுதினது குழாய்த் தண்ணி. வாயைத் திறக்கக்கூடாதே. அப்புறம் அச்சுல பாத்தா கடைசி மூணு வரி நான் எழுதினதே இல்ல, அந்தப் பெரியவர் "மெருகேத்தி" குடுத்துட்டாராம். வீட்ல எல்லாரும் அந்தக் கடைசி மூணு வரியத்தான் பாராட்டினாங்க 🙂

அதுக்கப்புறம் ஆறு வருஷம் எழுதல. அவரு மேல கோவம்னு இல்ல, எது என்னோடதுன்னு எனக்கே தெரியாமப் போச்சு. அதனால சார், வேற எதுவுமே செய்யலன்னாலும் பரவால்ல, எழுதினவங்க ஓகே சொல்லாம ஒரு கமா கூட மாறாதுன்னு மொத நாளே சொல்லிடுங்க.

வரிமுறிவு:

இந்த இழையப் படிச்சுட்டு சும்மா போக முடியல. நான் மத்த கட்சி, மூத்த கவிஞர் பக்கம். நாலு தொகுப்பு வந்திருக்கு, இப்படிப்பட்ட மாணவர் தொகுப்புக்கு மூணு தடவ கவிதை குடுத்திருக்கேன். ஒரு வாக்குமூலம் தர்றேன்: மூணு தடவையும் மீந்துபோனதத்தான் குடுத்தேன். என் தொகுப்புல சேராதது, பத்திரிகைல திரும்பி வந்தது. மாணவர் தொகுப்புதானேன்னு ஒரு நினைப்பு. என்ன மாதிரிதான் பல பேர், வெளிய சொல்ல மாட்டாங்க. அதாவது பசங்க உயிரக் குடுத்து எழுதினதுக்குப் பக்கத்துல எங்க டிராயர் குப்பை, ஆனா பேர் எங்களுக்குப் பெருசு.

இதுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியுது. மூத்தவங்ககிட்ட முடிஞ்ச கவிதைய வாங்காதீங்க. முடியாதத எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அடிச்சுத் திருத்தின பேப்பரோட. பசங்க ஒரு பெரிய கவிஞர் அச்சுல எப்படி இருப்பார்னு ஏற்கனவே பாத்துட்டாங்க, அவரு நாலாவது வரில மாட்டிக்கிட்டு முழிக்கறத பாத்ததில்ல. ஆங்கிலக் கவிஞர் எலியட்டோட பாழ்நிலம்ங்கற நெடுங்கவிதை 1922ல வந்துச்சு, அதோட வரைவப் பாத்தா அவரோட நண்பர், கவிஞர் எஸ்ரா பவுண்ட் கிட்டத்தட்ட பாதிய வெட்டித் தள்ளியிருப்பார், ஓரத்துல கிறுக்கியிருப்பார். அந்தக் கையெழுத்துப் பக்கங்களே 1971ல புத்தகமா வந்துச்சு. கிளாஸ்ல அதுல ரெண்டு பக்கம் காட்டினா போதும், "வெட்டினா கேவலம்"ங்கற எண்ணம் அன்னிக்கே போயிடும்.

மூணாவது பெஞ்ச் சொன்ன வாய்ப்பூட்டு ரூல் பத்தி. அது அமெரிக்காவுல ஐயோவா யுனிவர்சிட்டியோட எழுத்தாளர் வொர்க்‌ஷாப் வழியா பரவின பழக்கம், அங்க 1936ல ஆரம்பிச்சது. எழுதினவர் விளக்கம் குடுத்துக் கவிதையக் காப்பாத்தக்கூடாது, அதான் நோக்கம், நோக்கத்துல தப்பில்ல. ஆனா எனக்கு இன்னொரு முறை பிடிக்கும். லிஸ் லெர்மன்னு ஒரு நடன இயக்குநர் 1990ல உண்டாக்கினது, நடனத்துக்காக வந்தது ஆனா கவிதைக்கு அப்படியே பொருந்துது. மொதல்ல கேட்டவங்க எது மனசுல நின்னுச்சுன்னு சொல்லணும். அப்புறம் எழுதினவங்க கேள்வி கேக்கலாம், "ரெண்டாவது பத்தி புரியுதா" மாதிரி. மூணாவது, மத்தவங்க கேள்வி கேக்கலாம், ஆனா கேள்விக்குள்ள தீர்ப்பை ஒளிச்சு வைக்கக்கூடாது. "ஏன் இவ்வளவு நீளம்?" கூடாது, "நீளமா இருக்கறதால என்ன நடக்கணும்னு நினைக்கறீங்க?" ஓகே. கடைசிலதான் அபிப்ராயம், அதுவும் "இத பத்தி ஒண்ணு சொல்லலாமா"ன்னு கேட்டுட்டு, வேணாம்னா விட்டுடணும். பெரிய கவிஞர்களுக்கு இந்த மூணாவதுதான் வரவே வராது, எனக்கே ரெண்டு வாரம் ஆச்சு.

அப்புறம் எங்களுக்குக் காசு குடுங்க. சேவைன்னு கூப்பிட்டா சேவை மாதிரிதான் வருவோம்.

கரும்பலகை:

வரிமுறிவு அண்ணா, மீந்துபோனது விஷயம் படிச்சு சிரிச்சுட்டேன், அப்புறம் போன வருஷப் புத்தகத்த எடுத்துத் திரும்பப் பாத்தேன், சிரிப்பு நின்னுடுச்சு. மூணாவது பெஞ்ச், சாரிம்மா. கமா ரூல் மொத நாளே சொல்றேன், எழுதியும் ஒட்டறேன்.

முடியாத கவிதைய எடுத்துட்டு வரச் சொல்லி அஞ்சு பேருக்கும் எழுதிட்டேன். ரெண்டு பேர் உடனே சரின்னாங்க, ஒருத்தர் "அரைகுறைய வெளிய காட்ட மாட்டேன்"னு விலகிட்டார், மரியாதையாத்தான் சொன்னார். மத்த ரெண்டு பேர் இன்னும் பதில் போடல.

பிழைதிருத்தி:

நான் சிறுபத்திரிகை ஒண்ணுல எடிட்டிங், புரூஃப், பார்சல் கட்டறது எல்லாம் பாக்கற ஆள். பட்டறை பத்தி நிறைய பேசியாச்சு, அச்சுக்குப் போற பக்கத்த யாரும் பேசல, அங்கதான் பசங்க முழுசா ஏமாறறாங்க.

வகுப்புத் தொகுப்பு மட்டும் போதாது சார். ஒவ்வொருத்தரும் வெளிய ஒரு பத்திரிகைக்காவது அனுப்பணும், மறுப்பு வாங்கணும். வகுப்புக்குள்ளயே வர்றது எப்படியும் வரும்னு தெரியும், அங்க எடிட்டர் நீங்க, வேணாம்னு சொல்ல மாட்டீங்க. வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பத்திரிகையோட ரெண்டு இதழாச்சும் படிச்சிருக்கணும், எனக்கு வர்றதுல பாதி எங்க இதழப் பாக்காதவங்க அனுப்பறது, மொத வரிலயே தெரிஞ்சுடும். நாலஞ்சு கவிதை ஒரே ஃபைல்ல, யூனிகோட்ல, படம் பூ பார்டர் எதுவும் வேணாம். ஒரே கவிதைய ஒரே நேரத்துல நாலு இடத்துக்கு அனுப்பினா அத சொல்லிடணும், ஒரு இடத்துல எடுத்துக்கிட்டா மத்த இடத்துக்கு உடனே எழுதணும். இது தெரியாம ஒரே மாசத்துல ரெண்டு இதழ்ல ஒரே கவிதை வந்து சண்டையே ஆயிருக்கு.

ஃபேஸ்புக்ல போட்டாச்சுன்னா பல இதழ்களுக்கு அது பிரசுரமானதுதான். பசங்களுக்கு இது தெரியாது, சூடா எழுதி சூடா போட்டுடறாங்க.

காசு கட்டினா தொகுப்புல கவிதை போடறோம், சர்டிஃபிகேட் தர்றோம்னு வர்ற மெசேஜ் எல்லாம் விட்டுடச் சொல்லுங்க. அங்க யாரும் கவிதையப் படிக்கறதே இல்ல, அனுப்பினது எல்லாம் வரும். தேர்வே இல்லாத இடத்துல வந்ததுக்கு அர்த்தமும் இல்ல.

உரிமை விஷயம் வாய்வார்த்தையா வேணாம், அரைப் பக்கம் எழுதி வாங்குங்க. காப்புரிமை எழுதினவங்ககிட்டயே இருக்கு, இந்தத் தொகுப்புல போட மட்டும் அனுமதி, பின்னாடி அவங்க சொந்தத் தொகுப்புல சேத்துக்கலாம். மூத்தவங்களுக்கும் மாணவங்களுக்கும் ஒரே தாள், ஒரே வாசகம்.

வரிசை கேட்டீங்க. 'எழுத்து' பத்திரிகை நடத்தின சி.சு. செல்லப்பா 1962ல போட்ட புதுக்குரல்கள்ங்கற புதுக்கவிதைத் தொகுப்புல 24 பேரோட 63 கவிதை. 1900ல பொறந்த பிச்சமூர்த்தியும் 1939ல பொறந்த தருமு சிவராமுவும் (பிரமிள்) ஒரே புத்தகத்துல. அதுல யாருக்கும் "இளந்தளிர்"னு பட்டம் கட்டல.

ஒற்றெழுத்து:

புதுக்குரல்கள் உதாரணம் இங்க எடுபடாது. சிவராமுவ செல்லப்பா கிளாஸ் எடுத்து உருவாக்கல, எழுதி அனுப்பினார், நல்லா இருந்துச்சு, போட்டார். இங்க 14 பேர் ஃபீஸ் கட்டி சேந்திருக்காங்கங்கறதுக்காக 14 பேரும் புத்தகத்துல. ரெண்டும் ஒண்ணா?

பிழைதிருத்தி:

நியாயமான கேள்வி. 14 பேரும் வரணும்னு அவசியமே இல்ல. ஒருத்தர் நாலு கவிதை தரலாம், ஒருத்தர் எதுவும் தராம எடிட்டிங் குழுல இருக்கலாம், மூத்தவங்களோடதும் அந்தக் குழு முன்னாடிதான் வரணும். பெரியவர் கவிதைய மாணவக் குழு "இது வேணாம், அடுத்தத அனுப்புங்க"ன்னு சொல்ல முடிஞ்சா அது தொகுப்பு. இல்லன்னா வெறும் விழா மலர்.

புதுசு21:

ஹாய், நான் படிச்சிட்டு இருக்கேன், இதே மாதிரி ஒரு பேப்பர் எடுத்திருக்கேன் (சார் கிளாஸ் இல்ல). யாரும் சொல்லாத ஒண்ணு சொல்லலாமா. எங்க கிளாஸ்ல நல்லா வந்த கவிதை எல்லாமே வீட்ட பத்தினது, இல்லன்னா லவ், இல்லன்னா யார்கிட்டயும் சொல்லாத விஷயம். மூத்த கவிஞர்கள் வந்தா "இன்னும் உண்மையா எழுதுங்க இன்னும் உள்ள போங்க"ன்னு சொல்றாங்க, நாங்களும் போறோம், அப்புறம் அது எங்க முழுப் பேரோட பிடிஎஃப்பா நெட்ல வருது. என் ஃப்ரெண்டு ஒருத்தி அக்காவ பத்தி எழுதினா, வீட்ல படிச்சுட்டாங்க. அதுக்கு மேல சொல்ல மாட்டேன். வேணாம்னு சொன்னா மார்க் போயிடுமோன்னு பயந்துதான் அவ குடுத்தா.

கரும்பலகை:

இத நான் யோசிக்கவே இல்ல, சொன்னதுக்கு தேங்க்ஸ்மா. மார்க்கையும் புத்தகத்தையும் முழுசா பிரிச்சுடறேன். மார்க் வரைவுகளுக்கும், அடுத்தவங்க கவிதைக்கு எழுதின குறிப்புக்கும்தான், கவிதைக்கே மார்க் கிடையாது. புத்தகத்துல வரலாமா வேணாமாங்கறது மார்க் எல்லாம் போட்டு முடிச்ச பிறகு கேப்பேன். புனைபெயர்ல வரலாம். கடைசி புரூஃப் வரைக்கும் காரணம் சொல்லாம கவிதையத் திரும்ப எடுத்துக்கலாம்.

ஈற்றடி:

புனைபெயருன்னதும் ஞாபகம் வருது. குறுந்தொகைய எடுத்துக்கோங்க, இருநூறு புலவருக்கு மேல. 42ஆம் பாட்டு கபிலர். அதுக்கு முன்னாடி 40, 41 யாரு? செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார். அவங்க பேரா அது? பேரு தெரியல, பாட்டுல வந்த தொடரையே பேரா வச்சுட்டாங்க. தொகுத்தவங்க கபிலர முன்னாடி போட்டு பேர் தெரியாதவங்கள பின்னிணைப்புல தள்ளல. பேரே இல்லாம வந்தவரோட செம்மண்ணும் மழைத்தண்ணியும்தான் இன்னிக்கு ஊருக்கே தெரியுது. ஐம்பது வார்த்தைக்குள்ள தன்குறிப்பு அனுப்புங்கன்னு அன்னிக்கு யாரும் கேக்கல.

பக்கத்துல பேரைப் போடாதீங்க. கவிதை மட்டும். பேரெல்லாம் கடைசிப் பக்கத்துல அகரவரிசைல, பக்க எண்ணோட.

ஒற்றெழுத்து:

ஐயா இது நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா விக்கறவங்க அழுவாங்க, பெரிய பேர் தெரியலன்னா கைல எடுக்கவே மாட்டாங்க.

வரிமுறிவு:

அட்டைல எல்லாப் பேரும் போடலாம், அகரவரிசைலயே. உள்ள மட்டும் பேர் வேணாம். எனக்கு ஓகே. கொஞ்சம் பயமாவும் இருக்கு, யாராச்சும் என் கவிதைய மாணவர் கவிதைன்னு நினைச்சுப் பாராட்டினா என்ன செய்யறது 😄

கரும்பலகை:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், அப்டேட்.

மொத உக்காரல் முடிஞ்சுது. நாலு மூத்தவங்க வந்தாங்க, நாலு பேரும் முடியாத கவிதையோட. ஒருத்தர் ரெண்டு வருஷமா மாட்டிக்கிட்ட ஒண்ணக் கொண்டு வந்தார், ஒரு பொண்ணு "கடைசி வரி மொத வரியா இருந்தா?"ன்னு கேட்டா, அவரு ரொம்ப நேரம் பேப்பரையே பாத்துட்டு இருந்தார், அப்புறம் பேசாம எழுத ஆரம்பிச்சுட்டார். நாங்க எல்லாரும் அவர் எழுதறத வேடிக்கை பாத்துட்டு இருந்தோம். இன்னொருத்தருக்கு இது சுத்தமா ஒத்துவரல, பாதில ஃபோன் பேசப் போயிட்டார், எல்லாருக்கும் எல்லாம் ஒத்துவராது.

ஒரு பையன் 22 வரில அப்பா இறந்தத எழுதியிருந்தான். மௌனம், ரணம், சிறகடிக்கும் நினைவுகள், எல்லாம் உண்டு. 19ஆவது வரில மட்டும் "கண்ணாடியைத் துடைக்கவில்லை, அவர் கைரேகை இருக்கிறது"ன்னு வருது. போன வருஷமா இருந்தா நானே மத்தத வெட்டிக் குடுத்திருப்பேன். இந்த வாட்டி வந்திருந்த ஒரு கவிஞர் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, "அந்தக் கண்ணாடி இப்ப எங்க இருக்கு?" பையன் பத்து நிமிஷம் பேசினான். எங்க வச்சிருக்கான், யார் துடைக்க வந்தாங்க, எப்படித் தடுத்தான்னு. அடுத்த வாரம் ஆறு வரில கொண்டு வந்தான். மௌனம்னு ஒரு சொல் கூட இல்ல.

எடிட்டிங் குழு மூத்தவர் ஒருத்தரோட கவிதைய திருப்பி அனுப்பிடுச்சு. கோச்சுக்கிட்டார். நாலு நாள் கழிச்சு வேற அனுப்பினார், அது அருமையா இருக்கு. மீந்துபோனது இல்லன்னு பாத்தாலே தெரியுது.

இப்ப சின்ன சிக்கல். கண்ணாடி கவிதை இப்ப இப்படி உடையுது:

கண்ணாடியை
துடைக்கவில்லை

புரூஃப் பாத்தவங்க "கண்ணாடியைத்"னு ஒற்று போட்டுட்டாங்க. வரி முடிவுல த் தொங்குது. போடணுமா வேணாமா?

ஈற்றடி:

போடணும். இரண்டாம் வேற்றுமை உருபு "ஐ" வெளிப்படையா வந்தா வல்லினம் மிகும். வரி முறிஞ்சா இலக்கணமும் முறிஞ்சுடுமா?

பிழைதிருத்தி:

நாங்க எழுதினவங்க விருப்பத்துக்கு விட்டுடுவோம், ஆனா ஒரு கவிதைக்குள்ள ஒரே மாதிரி இருக்கணும். அங்க மூச்சு விட்டு நிறுத்தணும்னா ஒற்று வேணாம், ஒற்று போட்டா நாக்கு அடுத்த வரிக்கு ஓடிடும். இன்னொண்ணு சார், அச்சகத்துல பழைய ஃபான்ட்டுக்கு மாத்தினா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயிடும், "கொ", "கௌ" மாதிரி எழுத்து வர்ற இடம் எல்லாம் பேப்பர்ல எடுத்துப் பாருங்க, ஸ்கிரீன நம்பாதீங்க.

மூணாவது பெஞ்ச்:

கமா ரூல் ஞாபகம் இருக்கா சார் 🙂 அவன்கிட்ட கேட்டீங்களா?

கரும்பலகை:

கேக்கல. ரூல் செவுத்துல ஒட்டியிருக்கு, நானே இங்க வந்து கேட்டுட்டு இருக்கேன். இப்ப கேட்டுட்டேன். "வேணாம் சார், அங்க கொஞ்ச நேரம் நிக்கணும்"ங்கறான். எடுத்தாச்சு. ஈற்றடி ஐயா மன்னிக்கணும்.

ஈற்றடி:

நிக்கத் தெரிஞ்சு நிக்கறான்னா சரி. மத்த பதிமூணு பேரோட புரூஃபை அனுப்பு, அதுல எத்தன பேர் தெரியாம விட்டிருக்காங்கன்னு பாக்கறேன்.